அடுப்பைக் கேட்காமல் கிளம்பிய வண்டி

கிழக்குத் தீயணைப்பு நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்து, ஆட்கள் ஓடிவந்து வண்டியில் ஏறியதும் ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரே ஒரு சொல் கேட்பார்: "அடுப்பு?" அன்றைக்குச் சமையல் முறை யாருடையதோ அவர் பின்னாலிருந்து "அணைச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராமல் சக்கரம் உருளாது. சட்டி அடுப்பில் ஏறும் நேரம் பார்த்துத்தான் ஊரில் எங்காவது தீப்பிடிக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் தலையெழுத்து. சோற்றை விட்டுவிட்டு ஓடலாம், நெருப்பை விட்டுவிட்டு ஓடக்கூடாது.

அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் இப்போதைய நிலைய அதிகாரியின் தகப்பனார். அவரும் அதே நிலையத்தில் அதிகாரியாக இருந்தவர். அவருடைய தகப்பனாரோ கையால் அடிக்கும் பம்புக் காலத்து ஆள். மூன்று தலைமுறையாக நெருப்போடு மல்லுக்கட்டிய குடும்பம். அந்தப் பெருமை அதிகாரியின் முதுகெலும்பிலேயே இறங்கியிருந்தது. உட்காரும்போதுகூட அவர் முதுகு நாற்காலியில் சாயாது. முதுகுக்குப் பின்னால் ஆட்கள் அவரை 'ஏணி' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். ஏணி வளைந்தால் அதை ஏணி என்று யார் சொல்வார்கள் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுவார்.

அவருக்கு இருந்த ஒரே குடைச்சல் மேற்கு நிலையம். அதன் அதிகாரி அவருடைய கூடப்பிறந்த தங்கை. அவள் இந்த வேலைக்கு மனுப் போட்ட நாளில், "நம்ம வீட்டுப் பொண்ணு ஊர் பார்க்க ஏணியில தொங்கணுமா?" என்று அவர் கேட்டார். அவள் தொங்கினாள். தொங்கியதோடு நிற்காமல் படிப்படியாக உயர்ந்து, அண்ணனுக்குச் சமமான நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு இல்லை. உறவுக்காரர் கல்யாணத்தில் அடுத்தடுத்து உட்கார நேர்ந்தாலும், "அவங்களைச் சாப்பிட்டாச்சான்னு கேளு" என்று அண்ணிதான் நடுவில் தூது போக வேண்டும். வேலையில் இவர் அவளுக்குக் 'கிழக்கு', அவள் இவருக்கு 'மேற்கு'.

இரண்டு நிலையங்களுக்கும் ரயில் பாதைதான் எல்லை. எல்லையில் தீ என்றால் இரண்டு வண்டிகளும் போகும். முதலில் போய்ச் சேரும் அதிகாரியின் சொல்லை அடுத்து வருபவர் கேட்க வேண்டும் என்பது விதி. இந்த வருஷம் எல்லையில் பிடித்த ஒவ்வொரு தீக்கும் தங்கைதான் முந்தினாள். ஒவ்வொரு முறையும் அண்ணன் அவள் எதிரில் போய் விறைப்பாக நின்று, "கிழக்கு வந்தாச்சு. என்ன வேலை?" என்று கேட்டார். மூத்தவன் வாயால் அதைக் கேட்பது எப்படியிருக்கும் என்று மூத்தவனாகப் பிறந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அன்று நண்பகல் நெருங்கும் வேளையில் மணி அடித்தது. தொலைபேசி அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர் நிலையத்தின் மூத்த ஆள். எதைப் பேச வாயெடுத்தாலும் முதலில் 'அலோ' என்பதால் அவர் பெயரே 'அலோ' ஆகிவிட்டது.

"அலோ, ரயில்வே கேட்டை ஒட்டி மெத்தைக் கிடங்கு. மாடியில ஆளுங்க மாட்டிக்கிட்டாங்களாம். மேற்குக்கும் சொல்லியிருக்காங்க."

கடைசி வாக்கியம் அதிகாரியின் காதில் சுருக்கென்று தைத்தது. ஹெல்மெட்டை அள்ளிக்கொண்டு முன் இருக்கையில் தாவி ஏறினார். வண்டி உறுமியது. ஓட்டுநர் பெயர் 'நிதானம்'. தீ மூட்டப்போகிறவன்போல ஆற அமரப் பேசுவார், அணைக்கப்போகிறவன்போல ஓட்டுவார். அவர் வழக்கம்போல் தலையை நீட்டினார்.

"அடு..."

"பேச்செல்லாம் அப்புறம். எடு வண்டியை. இன்னிக்கு மேற்கு நமக்குப் பின்னாலதான் வரணும்."

பின்னால், சட்டையின் ஒரு கையில் மட்டும் கையை நுழைத்திருந்த 'குண்டூசி' வாயைத் திறந்தான். அன்றைக்குச் சமையல் முறை அவனுடையது. சைரன் அலறியது. அவன் சொல்லவந்ததை அதுவே தின்றுவிட்டது. அணைத்தோமா இல்லையா என்று அவனுக்கே அப்போது உறுதியில்லை. கைக்குப் பழகிய வேலை மனதில் பதியாது. அதனால்தான் கேட்கிற வழக்கமே வந்தது.

நிதானம் வண்டியைச் சந்தைத் தெருவுக்குள் விட்டார். பழவண்டிக்காரர் ஒருவர் தன் தள்ளுவண்டியை இழுத்துக்கொள்ள, பழத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு விரல் புகுமளவுக்கு இடம் கிடைத்தது. ரயில்வே கேட் மணியடித்துக்கொண்டே இறங்கத் தொடங்கியிருந்தது. கேட்காரர் சைரனைக் கேட்டுக் கட்டையைப் பாதியில் நிறுத்தினார். வண்டி தலையைக் குனிந்துகொண்டு நுழைவதுபோல் நுழைந்து அந்தப் பக்கம் போய் விழுந்தது.

கிடங்கின் முன்னால் வேறு சிவப்பு வண்டி எதுவும் இல்லை.

"கிழக்கு முதல்ல வந்தாச்சு," என்று அதிகாரி மைக்கில் சொன்னார். 'முதல்ல' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி, அழுத்தி, ஊரறியச் சொன்னார்.

கீழே கடை, மேலே இரண்டு தளமும் கிடங்கு. பஞ்சும் ரப்பர் நுரையும் சேர்ந்து எரிகிற புகை, தார் காய்ச்சியதுபோல் கறுத்துத் திரண்டு ஜன்னல்களில் பிதுங்கியது. உச்சித் தளத்துச் சன்னல் மேடையில் இரண்டு தொழிலாளிகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் குதித்தார்கள். உருட்டிவிட்ட குழாய் தெருவில் பாம்பாக ஓடியது. பம்பு பிடித்தது, தட்டையாகக் கிடந்த குழாய் உப்பித் துள்ளியது. முனையைப் பிடித்த இருவரும் பின்னுக்குச் சாய்ந்து காலை ஊன்றினார்கள். ஏணி நீண்டு மேலே போனது. குண்டூசி அதில் அணில்போல் ஏறினான். எடை இல்லாதவன் என்பதால் ஏணியில் எப்போதும் அவனுக்குத்தான் முதலிடம்.

அப்போதுதான் மேற்கு வண்டி வந்து நின்றது. தங்கை இறங்கி நேராக அண்ணன் முன்னால் வந்தாள்.

"மேற்கு வந்தாச்சு. என்ன வேலை?"

அந்த நான்கு சொற்களுக்காக ஒரு வருஷம் காத்திருந்த மனுஷன், முகத்தில் ஒரு நரம்பையும் அசைய விடாமல் சொன்னார்: "பின்பக்கம் போங்க. அடுத்த கட்டடச் சுவரை நனைச்சுக்கிட்டே இருங்க. தீ அங்க தாவக்கூடாது."

"சரி," என்றாள். ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டே, "இன்னிக்கு ராத்திரி கிழக்கு நல்லாத் தூங்குவாங்க," என்று வாரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

மேலே, முதல் தொழிலாளி ஏணியில் கால் வைத்து இறங்கிவிட்டார். இரண்டாமவர் கனத்த ஆள். சன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை.

"அண்ணே, கையை விடுங்க," என்றான் குண்டூசி.

"விட்டா விழுந்துடுவேன்."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"தம்பி, உன்னைப் பார்த்தா ஊதுனா பறந்துடுவ போல. உன்னை நம்பி எப்படிப்பா விடறது?"

"அப்ப பிடிச்சுக்கிட்டே இருங்க. கம்பி பழுத்ததும் கை தானா விட்டுடும்."

கீழே கூட்டம் அந்த நேரத்திலும் சிரித்தது. அதிகாரிக்கும் உதட்டில் சிரிப்பு முட்டியது. அப்போது அவர் தோளில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"அலோ, சார்... நம்ம நிலையத்துல புகை வருது."

"எந்த நிலையம்?"

"நம்ம நிலையம்தான் சார். சமையல்கட்டு."

இந்தச் சொல் இரண்டு வண்டிகளின் வாக்கிடாக்கியிலும், தலைமைக் கட்டுப்பாட்டு அறையிலும், நகரத்தில் உள்ள எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் கேட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த பெண், காது தப்பாகக் கேட்டதோ என்று, "தீ விபத்து நடந்த இடத்தைத் திருப்பிச் சொல்லவும்," என்றாள்.

"கிழக்குத் தீயணைப்பு நிலையம்," என்றார் அலோ இருமிக்கொண்டே. "முகவரி உங்களுக்கே தெரியும்."

அதிகாரி சட்டென்று திரும்பி நிதானத்தைப் பார்த்தார். நிதானம் பம்பின் அழுத்தமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏணி உச்சியில் குண்டூசியின் முகம் வெளுத்தது. கறுத்த புகைக்கு நடுவிலும் அது தெரிந்தது. எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டுத்தான் ஓடிவந்திருந்தான்.

"அலோ, வாளி மணலை எடுத்து..." என்று தொடங்கினார் அதிகாரி. சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அலோவுக்கு மூட்டு வலி. தனியாள். சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மூச்சுக்காற்று சிலிண்டர்கள் அடுக்கிவைத்த அறை. சூடேறினால் குண்டுதான். நிலையத்தின் பின்சுவரை ஒட்டிக் குடியிருப்புகள். அந்த எண்ணத்தின் கழுத்தைத் திருகிப் போட்டார்.

"அலோ, உடனே வெளிய போங்க. பின்னால இருக்கிற வீடுகளைக் காலி பண்ணச் சொல்லுங்க."

"போனை விட்டுட்டு எப்படி சார்? போன் பக்கத்துல ஆள் இல்லாம இருக்கக்கூடாதுன்னு நீங்கதானே..."

"இது உத்தரவு."

"யாராவது கூப்பிட்டா?"

"இப்ப நாமதான்யா கூப்பிடணும். போங்க வெளிய."

அவரே போய்விடலாம் என்று கால் துடித்தது. அப்பா உட்கார்ந்த இடம், தாத்தா பம்படித்த முற்றம். ஆனால் முதலில் வந்த அதிகாரி கடைசி ஆள் இறங்கும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது. அந்த முதலிடத்தைத்தானே இவ்வளவு பாடுபட்டு வாங்கியிருந்தார். தெற்கு நிலையத்து வண்டி வரவேண்டுமென்றால் ஊரைச் சுற்ற வேண்டும். பக்கத்தில் இருப்பது ஒரே வண்டி.

ஒதுக்குப்புறமாகப் போய்த் தங்கையிடம் காதோடு சொல்லியிருக்கலாம். அவர் மைக்கை எடுத்தார்.

"மேற்கு. கிழக்கு பேசறேன். என் நிலையம் எரியுது. நீங்க போகணும்."

 அவள் குரல், தகவல் கேட்கிற குரல், வேறெதுவும் கலக்காத குரல்: "உள்ள ஆள்?"

"ஒருத்தர். வெளிய வரச் சொல்லியிருக்கேன். வர்ற ஆள் இல்ல, போனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிப்பார். சமையல்கட்டுக்கு இடப்பக்கம் சிலிண்டர் அறை."

"தெரியும். நானும் அங்க வளர்ந்தவதான்."

மேற்கு வண்டி தன் ஆட்களில் இருவரையும் ஒரு குழாயையும் பின்பக்கத்தில் விட்டுவிட்டுப் பறந்தது. அதன் சைரன் தேய்ந்து மறைவதை அதிகாரி காதால் மட்டும் வழியனுப்பினார். கண் மாடியில் இருந்தது. கனத்த ஆளின் தலைக்கு மேல் சன்னல் கண்ணாடி வெடித்துச் சிதறியது.

"குண்டூசி, அவர் பின்னால போய் நில்லு. நான் வரேன்," என்று சொல்லிவிட்டு அதிகாரி ஏணியில் காலை வைத்தார். ஓய்வு பெறும் வயதை எட்டிப்பிடிக்கிற ஆள் ஏறக்கூடாது. ஏறினார். மேலே போய்த் தன் அகன்ற தோளைத் தொழிலாளியின் கால்களுக்குக் கீழே முட்டுக் கொடுத்தார்.

"இப்ப விடு. இந்தத் தோள் மேல இதுவரைக்கும் எவனும் விழுந்ததில்ல."

கனத்த ஆள் குனிந்து பார்த்தார். அந்த முதுகையும் தோளையும் பார்த்ததும் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். விட்டார். ஏணி முனகியது. மூவரும் படிப்படியாக இறங்கினார்கள். கீழே தொழிலாளியின் பாதம் தரையைத் தொட்டபோது கூட்டம் கைதட்டியது. அதிகாரிக்கு அது எங்கோ தூரத்துத் தெருவில் கேட்பதுபோல் இருந்தது.

தீயை மடக்கி, பஞ்சுப் பொதிகளைக் கிளறி நனைத்து, கடைசிப் பொறியும் செத்த பிறகுதான் அவர்கள் திரும்பினார்கள். வழியில் குண்டூசி, "சார்..." என்றான். "இறங்கினதும் பேசிக்கலாம்," என்றார் அதிகாரி.

நிலையம் இருந்த தெருவில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். எல்லார் கையிலும் போன், எல்லாப் போனும் நிலையத்தைப் பார்த்து. தீயணைப்பு நிலையத்தில் தீ என்பது தினமும் கிடைக்கிற காட்சியா? சமையல்கட்டு கரிக்கூடாக நின்றது. சிலிண்டர் அறையின் சுவரில் வேர்வைபோல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொலைபேசி அறையின் கதவு கீலோடு பெயர்ந்து கிடந்தது. அலோ ஓரமாக ஒரு நாற்காலியில், துண்டிக்கப்பட்ட போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அலோ, மேற்கு அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க சார்," என்றார். "குழந்தையைத் தூக்கற மாதிரி. எனக்கே வெட்கமாப் போச்சு."

எதிர்வரிசைத் தையல்காரம்மா கூட்டத்தின் முன்னால் நின்றாள். போன மாதம் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் கடையைப் பூட்டிப் போய், துணியெல்லாம் கருகவிட்டவள். அவளை நடுத்தெருவில் நிறுத்தி அதிகாரி அரைமணி நேரம் பிரசங்கம் செய்திருந்தார்.

"என்ன சார்," என்றாள் இப்போது. "என் கடையில ரெண்டு சட்டைதான் போச்சு. உங்களுக்கு வீடே போச்சு போலிருக்கே. ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்ன வாய்க்கு யாரு சார் உபதேசம் சொல்றது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். 

தங்கை வந்தாள். முகமெல்லாம் கரி, ஒரு புருவம் பொசுங்கியிருந்தது. தீயை அணைத்த அதிகாரிதான் காரணத்தை விசாரிக்க வேண்டும். எத்தனையோ கடைக்காரர்களை, வீட்டுக்காரர்களை நிற்கவைத்துக் கேட்ட கேள்வியை அவள் இப்போது அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"தீ எப்படிப் பிடிச்சது?"

குண்டூசி முன்னால் வந்தான். "நான்தான் மேடம். சட்டியை வெச்சுட்டு..."

"அலோ, இல்லம்மா," என்று நாற்காலியிலிருந்து குறுக்கிட்டார் அலோ. "எலி. காஸ் குழாயை எலி கடிச்சிருக்கும். ரொம்ப நாளா நான் கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணொண்ணும் பூனை சைஸ்ல இருக்கு."

"நல்லவேளை, யானைன்னு சொல்லாம விட்டியே," என்றார் நிதானம்.

ஆனால் மற்ற ஆட்கள் ஒவ்வொருவராக, ஆமாம், நானும் பார்த்தேன், சாக்குக்குள்ளகூட ஓடிச்சு என்று எலிக்குச் சாட்சி சொல்லத் தொடங்கினார்கள். முழுப் பூசணிக்காயை ஒரு எலி வளைக்குள் தள்ளப் பார்த்தார்கள். நிலையத்தின் மானத்தைக் காப்பாற்ற வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

தங்கை ஒரு அடி நெருங்கி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"எலின்னே போட்டுடவா? யாரும் திருப்பிக் கேட்க மாட்டாங்க. நம்ம அப்பா பேரும் இதுல இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். பரிதாபமோ ஏளனமோ அவள் கண்ணில் இல்லை. அவரை எது உறுத்துகிறதோ அதுதான் அவளையும் உறுத்தியது. இவ்வளவு காலம் இந்தப் பெருமையைத் தான் ஒருவன்தான் சுமப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுல இதுவரைக்கும் எலி மேல பழி போட்டுத் தப்பிச்சவன் எவனும் இல்ல," என்றார். "நான் முதல் ஆளா இருக்க மாட்டேன்."

பிறகு திரும்பினார். தெருவைப் பார்த்து, ஆட்களைப் பார்த்து, தையல்காரம்மாவையும் பார்த்து, தீ இடத்தில் உத்தரவு போடுகிற அதே குரலில் சொன்னார்:

"எழுதிக்கோ. சட்டி அடுப்புல இருந்தது. வண்டி கிளம்பறப்ப அடுப்பைக் கேட்கணும். ஓட்டுநர் கேட்க வாயைத் திறந்தார். கேட்க விடாம தடுத்தது நான். சமைச்சவன் மேல தப்பு இல்ல, ஓட்டுநர் மேல தப்பு இல்ல. மேற்கு வண்டியை முந்தணும்னு அவசரப்பட்டேன். தீக்குக் காரணம் இந்த நிலையத்து அதிகாரி."

 உயர்த்தியிருந்த போன்கள் சில கீழே இறங்கின. குண்டூசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை இன்னும் போகவில்லை என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னான். தையல்காரம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டாள்.

தங்கை அவர் சொன்னபடியே எழுதினாள். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. எழுதி முடித்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க சாப்பாட்டு மேலதானே இவ்வளவு நேரமாத் தண்ணி அடிச்சுக்கிட்டிருந்தே."

நிதானம் முதலில் சிரித்தார். அப்புறம் கிழக்கு ஆட்கள், மேற்கு ஆட்கள், கூட்டம். இது வேறு சிரிப்பு. அதிகாரியால் அதற்குள் நின்றுகொண்டிருக்க முடிந்தது.

"உங்க போன் லைனை எங்க நிலையத்துக்குத் திருப்பச் சொல்லிட்டேன்," என்றாள் தங்கை. "இதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் கிழக்கு வண்டி அங்கிருந்துதான் கிளம்பணும். நீங்களும் ஆளுங்களும் அங்கதான் இருக்கணும்."

ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். மேற்கு நிலையத்தின் வாசலை அவர் இதுவரை மிதித்ததில்லை. அதன் திறப்பு விழாவுக்குக்கூட ஆள் அனுப்பி மாலை போட்டவர்.

"உன் நிலையத்துல உன் சொல்தான்," என்றார் அதிகாரி. "என்ன வேலை?"

தங்கை பொசுங்கிய புருவத்தைப் புறங்கையால் தேய்த்துவிட்டாள்.

"முதல்ல கைகால் கழுவணும். அப்புறம் சாப்பிடணும். ஏணியில ஏறின ஆளு, கொஞ்ச நேரம் சாய்ஞ்சு உட்காரணும்."

"கேட்டுதாய்யா?" என்று அதிகாரி தன் ஆட்களைப் பார்த்து அதட்டினார். "அதிகாரி சொல்லிட்டாங்க. ஏறுங்க."

அலோ போனை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். குண்டூசி அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டான். கிழக்கு வண்டி, மேற்கு வண்டிக்குப் பின்னால், ரயில் பாதையைத் தாண்டி மெதுவாகப் போனது.